இரண்டு வாரம் என்னும் திருவாக்கு

கட்டடக் கான்ட்ராக்டர் பெருங்குலத்துக்கு மெய்க்கீர்த்தி பாட ஆளில்லையே என்ற உலகத்தின் குறையை 1986-இல் ஹாலிவுட் தீர்த்துவைத்தது. ரிச்சர்ட் பெஞ்சமின் இயக்கிய ‘தி மணி பிட்’ படத்தைப் பார்த்து விலா நோகச் சிரித்தவர்கள் மன்னிக்கப்படுவார்களாக. கைகூப்பிப் பார்க்கவேண்டிய காவியம் அது.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு மாளிகை. வழக்கறிஞர் வால்டரும் (டாம் ஹாங்க்ஸ்) இசைக் கலைஞர் அன்னாவும் (ஷெல்லி லாங்) இரண்டு லட்சம் டாலருக்கு அதை வாங்குகிறார்கள். விற்ற சீமாட்டியின் பண்பை எப்படிப் புகழ்வது! விரிசலையும் பொத்தலையும் காட்டி வந்தவர் மனத்தை நோகடிக்காமல், மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே வீட்டைச் சுற்றிக் காட்டிய தாயுள்ளம் அவருடையது.

வீடும் உபசாரத்தில் குறைவைக்கவில்லை. வாசற்கதவு சட்டத்தோடு பெயர்ந்து சாஷ்டாங்கமாக வணங்குகிறது. மாடிப்படிகள் ஒன்றுவிடாமல் சரிந்து, ஏறியிறங்கும் சிரமத்தை ஒழிக்கின்றன. குழாயைத் திறந்தால் வெறும் தண்ணீரா வரும்? கெட்டிச் சேறே வருகிறது! வாளி வாளியாக வெந்நீர் சுமந்து வால்டர் நிரப்பிய தொட்டி, தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய்ச் சுக்குநூறாகிறது. அந்த ஓட்டை வழியே பார்த்து அவர் சிரிக்கிறாரே, பற்றனைத்தும் அறுத்த ஞானியர்க்கே வாய்க்கும் சிரிப்பு அது.

இந்தப் பக்குவம் கண்டே கான்ட்ராக்டர்களான ஷர்க் சகோதரர்கள் எழுந்தருளுகிறார்கள். காணிக்கை முதலில், கடப்பாரை பிறகு என்பது அவர்கள் சம்பிரதாயம். “எப்போது முடியும்?” என்று பாமரர் கேட்டால், “இரண்டு வாரம்” என்று திருவாய் மலர்கிறார்கள். அடுத்த மாதம் கேட்டாலும் அதே இரண்டு வாரம்தான். சொன்ன சொல் மாறாதவர்கள்! மாமூல் மனிதர்களைப் போல அனுமதி வாங்கிவிட்டு இடிப்பதில்லை. இடித்துத் தள்ளிவிட்டு, அனுமதிச் சீட்டு வரவில்லை என்று ஓய்கிறார்கள். சுவரில்லாத வீட்டுக்காரர் வேறு எந்தக் கான்ட்ராக்டரிடம் போய் நிற்பார்? அடியாரைச் சன்னிதி விட்டு அகலவிடாமல் ஆட்கொள்ளும் கருணையல்லவா இது! இரண்டு வாரம் நான்கு மாதமாகப் பெருகுகிறது. அதற்குத் தனியாக நன்றி கேட்காத பெருந்தன்மையும் அவர்களிடம் உண்டு. மேற்கொண்டு பணம் வேண்டி முன்னாள் கணவனிடம் அன்னா ஓவியம் விற்கப் போவதும், அதனால் காதலே ஆட்டங்காண்பதும் கான்ட்ராக்டர் கணக்கில் ஏறாத இலவசச் சேவை.

இந்தப் படத்துக்கு மூலம், 1948-இல் கேரி கிரான்ட் வீடு கட்டித் திண்டாடிய ‘மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்’. இடையில் 38 ஆண்டுகள் ஓடியும் குலதர்மம் இம்மியும் வழுவவில்லை.

முடிவில் வீடு ஜொலிக்கிறது. அங்கேயே திருமணமும் நடக்கிறது. அஸ்திவாரம் உறுதியாக இருந்ததே காரணம் என்று மேஸ்திரியே சான்று சொல்கிறார். உண்மைதான். கான்ட்ராக்டர்களின் திருக்கரம் படாத ஒரே இடம் அதுதான். அந்தக் குறையையும் போக்கிக்கொள்ள, வால்டர் இன்னோர் இரண்டு வாரம் கொடுத்திருக்கலாம்.