ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்னும் நூல்: பாடமும் உரையும்

தமிழ் ஆய்வுலகம் கல்வெட்டைப் படித்திருக்கிறது, செப்பேட்டைப் படித்திருக்கிறது, கறையான் தின்றது போக எஞ்சிய ஓலையையும் விடவில்லை. ஆனால் மேசைக்கணினியின் வயிற்றுக்குள் கிடக்கும் ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்னும் நூலை உரையோடு பதிப்பிக்க இன்னும் ஒருவரும் முன்வரவில்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். நூல் தோன்றிய இடம், மொசில்லா மரபில் வந்த தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் செயலி, அதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பர் 7 அன்று வெளியாயிற்று. ஆசிரியர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செயலிதான் எழுதுகிறது என்பர் ஒரு சாரார். செட்டிங்ஸில் நாம் போட்ட ஒவ்வொரு டிக்கும்தான் அங்கே வரியாக விழுகிறது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையாதலால் சண்டைக்கு இடமில்லை.

நூலைக் கண்டடைவது எளிதன்று. விண்டோஸில் ஆப்டேட்டா என்ற கோப்புறை கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்டு, அதற்குள் ப்ரொஃபைல்ஸ். அங்கே எட்டு எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத ஒரு பெயர், ஒரு புள்ளி, அதன்பின் 'டிஃபால்ட்-ரிலீஸ்'. இந்த எட்டெழுத்து மந்திரத்துக்குப் பொருள் காண முயல்வோர் ஏமாறுவர். அது குலுக்கிப் போட்ட சீட்டு. எல்லாருடைய கணினியிலும் ஒரே பெயராக இருந்தால், கெட்ட எண்ணத்தோடு உள்ளே வரும் நிரல் நேராக அங்கே போய் நிற்கும். வழி தெரியக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயர்.

பக்கத்திலேயே 'டிஃபால்ட்' என்று மட்டும் முடியும் இன்னொரு கோப்புறை இருக்கக்கூடும். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் என்று மொசில்லா மரபை மாற்றியது. அதன் மிச்சம் இது. பலரும் முதலில் இதைத்தான் திறப்பார்கள். உள்ளே அநேகமாக ஒன்றும் இருக்காது. பத்து வருடத்துக் கடிதம் போச்சே என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ளும் முன், அடுத்த கோப்புறையையும் திறந்து பார்ப்பது ஆய்வு நெறி.

இங்கே எதிர்க்கட்சியின் வாதத்தையும் பதிவு செய்வது முறை. எங்கள் குடும்பத்தில் மருமகன் மதம் என்று ஒன்று உண்டு. அதன் சூத்திரம் ஒன்றே: "மாமா, இதையெல்லாம் எதுக்குப் படிச்சிக்கிட்டு? அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க, சரியாயிடும்." இம்மதம் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் செயலியை நீக்கினால் செயலி மட்டுமே போகும். ப்ரொஃபைல் கோப்புறை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவியதும் பழைய நூலைத்தான் எடுத்து வாசிக்கும், பழைய கோளாறு உட்பட. எனவே அம்மதம் ஈண்டுக் கொள்ளப்படவில்லை. மருமகனும் கொள்ளவில்லை, மூன்றாம் முறை மறுநிறுவல் செய்த பிறகு அவனே கோப்புறையைத் தேடத் தொடங்கினான்.

நூலைத் திறந்தவுடன் ஓர் எச்சரிக்கை வரும்: இந்தக் கோப்பைத் திருத்தாதே. நம் கல்வெட்டுகளில் இத்தகைய பகுதி கடைசியில் வரும். இந்தத் தர்மத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பார்கள். அதை ஓம்படைக்கிளவி என்பர். இங்கே அது தலைவாசலிலேயே நிற்கிறது. கல்வெட்டின் சாபம் பலித்ததா என்று யாரும் சரிபார்த்ததில்லை. இது கண்முன் பலிக்கும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா விருப்பங்களையும் நினைவகத்தில் வைத்திருக்கிறது. மூடும்போது அதை எடுத்துக் கோப்பின் மேல் எழுதிவிடுகிறது. நடுவில் நீங்கள் நோட்பேடில் செய்த திருத்தம் அத்தோடு தீர்ந்தது. திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் செயலியை மூடு; கோப்புறையை வேறிடத்தில் ஒரு பிரதி எடு; பிறகு தொடு.

அடுத்து நூலின் தலையாய இலக்கணம். இதில் எல்லா விருப்பங்களும் இல்லை. செயலியோடு பிறந்த இயல்பு மதிப்பிலிருந்து எது மாறியதோ அது மட்டுமே வரியாக ஏறும். மாறாதவை எழுதப்படா. ஆகவே தேடிய வரி கிடைக்கவில்லை என்றால் அது தொலைந்துவிட்டது என்று பொருளன்று. எல்லாருக்கும் உள்ளதே உமக்கும் என்று பொருள். முழுப் பட்டியலையும் காண வேண்டுவோர் கான்ஃபிக் எடிட்டர் என்ற வாயிலுக்குள் நுழைய வேண்டும். பழைய பதிப்புகளில் அந்த வாயிலிலும் ஒரு பூதம் நின்றது: உள்ளே போனால் உமது உத்தரவாதம் ரத்தாகலாம் என்றது. 'கவனமாக இருப்பேன், சத்தியம்!' என்ற பொத்தானை அழுத்தினால்தான் வழிவிட்டது. இலவசமாகத் தந்த செயலிக்கு, எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும்போது, ரத்தாவதற்கு என்ன இருந்தது என்பது தீராத ஐயம்.

இனிப் பாடத்துக்கு வருவோம். 'மெயில்.அக்கவுன்ட்.அக்கவுன்ட்1' என்று ஒரு வரி. கணக்கு என்றதும் அதற்குள் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும் என்று எண்ணுவோம். அதற்குள் ஒன்றும் இல்லை. சர்வர்1 அங்கே, ஐடி1 இங்கே என்று கைகாட்டுவது மட்டுமே அதன் தொழில். அஞ்சல் எங்கிருந்து வருகிறது என்பது சர்வரின் பொறுப்பு. நீங்கள் யார், பெயர் என்ன, கையொப்பம் எது என்பது ஐடியின் பொறுப்பு. ஒரே பெட்டிக்கு இரண்டு முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சர்வரும் இரண்டு ஐடியும் இருப்பது இதனால்தான். எண்கள் 1, 2, 5, 7 என்று தாவினால் பேய் பிடித்ததாகக் கருத வேண்டாம். நீக்கிய கணக்கின் எண்ணைச் செயலி புதியதற்குச் சூட்டுவதில்லை. மூன்றும் நான்கும் ஆறும் என்றோ நீங்கள் தொடங்கிக் கைவிட்டவை.

ஐடி1இன் கீழ் 'வேலிட்' என்று ஒரு வரியும் அதன் மதிப்பாக 'ட்ரூ' என்பதும் காணப்படும். அதாவது நீங்கள் மெய். வேதாந்திகள் காலங்காலமாக மல்லுக்கு நின்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில். மேற்செல்வோம்.

நூலில் ஆய்வாளர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் சர்வர்2. அதன் ஹோஸ்ட்நேம் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'. அதன் டைப் 'நன்', ஒன்றுமில்லை. அதன் யூசர்நேம் 'நோபடி', யாருமில்லை. நடு இரவில் முதல்முறையாக இதைக் காண்போர் யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அஞ்சுவது இயல்பு. அஞ்சற்க. செயலியின் உள்கணக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் 'இன்னார், இன்ன ஊர்' என்ற வடிவில் ஒரு முகவரி வேண்டும். உங்கள் கணினியிலேயே கிடக்கும் பெட்டிக்கு ஆளும் இல்லை, ஊரும் இல்லை. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் பொருந்தாத கட்டத்திலும் ஏதாவது எழுதினால்தான் மனுவை வாங்குவார்கள் அல்லவா, அவ்வாறு இட்ட பெயர் இது. 'நோபடி' யுனிக்ஸ் உலகில் பழங்குடி. எந்த உரிமையும் தரக்கூடாத வேலைகளுக்கென்றே உருவாக்கிய பயனர்; லினக்ஸில் அவருடைய எண் வழக்கமாக 65534. இவரை வேண்டாதவர் என்று நீக்கினால் உள்ளூர்ப் பெட்டிகள் வீடில்லாமல் போகும்.

இனி, நூலின் மிகச் சிறந்த பகுதி. 'மெயில்.பிஃப்.ப்ளே_சவுண்ட்', 'மெயில்.பிஃப்.ஷோ_அலர்ட்' என்ற வரிகளில் பிஃப் என்பது யாது? புது அஞ்சல் வந்ததும் மணி அடிப்பது, மூலையில் சிறு சீட்டுக் காட்டுவது ஆகியவற்றை ஆளும் வரிகள் இவை என்பது தெளிவு. ஆனால் பிஃப் என்ற சொல் மின்னஞ்சல் சாத்திரத்தில் எதன் சுருக்கமும் அன்று. அது ஒரு நாய்.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஸ்டெட்னர் என்பவர் வளர்த்த நாய். கணினித் துறைக் கூடங்களில் எல்லாருக்கும் பழக்கமானது. அஞ்சல் வந்ததைத் திரையில் அறிவிக்கும் சிறு நிரல் ஒன்றை ஜான் ஃபோடெராரோ எழுதி, அதற்கு அந்த நாயின் பெயரையே இட்டார். 1980இல் வந்த 4.0 பிஎஸ்டியில் அது இடம்பெற்றது. 'பிஃப் ஒய்' என்றால் குரைக்கும், 'பிஃப் என்' என்றால் சும்மா இருக்கும். தபால்காரரைக் கண்டால் அந்த நாய் குரைக்கும், அதனால் வந்த பெயர் என்று ஓர் உரை நெடுநாளாக வழங்குகிறது. ஸ்டெட்னரே அதை மறுத்திருக்கிறார். உரையாசிரியர்களோ விடவில்லை, மூலத்தைவிட உரை இனிதாயிருந்தால் உரையே நிற்கும் என்பது நம் ஊரிலும் கண்டதுதான். ஃப்ரீபிஎஸ்டியின் கையேட்டுப் பக்கம் மட்டும் தன் கடமையைச் செய்திருக்கிறது: பிஃப் 1993 ஆகஸ்டில், 15 வயதில் இறந்தது என்று அங்கே பதிவாகியிருக்கிறது.

நாய்க்குக் கல் நட்டவர்கள் நாம். திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயை, அதன் தலைவனோடு சேர்த்தே அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவனை இன்று தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பிஃப் உங்கள் கணினியிலேயே இருக்கிறது; இறந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும், ஆதார் சேவை மைய அஞ்சலுக்கும் பலசரக்குக் கடை விளம்பரத்துக்கும் பேதம் பாராமல் குரைக்கிறது. செட்டிங்ஸ் திரையில் அதன் பெயர் எங்கும் இல்லை. மூலபாடம் படிப்பவருக்கே அது தெரியும்.

இவ்வரி எனக்கு ஒரு கொள்கையைத் தந்தது. பொருளற்ற வரி என்று இந்நூலில் ஒன்றும் இல்லை; பொருள் முந்திக்கொண்டு இறந்துவிட, வேலை மட்டும் தொடர்ந்து பார்க்கும் வரிகள் உண்டு. 'மெயில்நியூஸ்.ரேப்லெங்த்' என்ற விருப்பத்தின் இயல்பு மதிப்பு 72. கிளிப்பேச்சுக் கடிதமானாலும் வழக்குரைஞர் நோட்டீஸானாலும் 72 எழுத்தில் வரியை மடி என்பது ஆணை. பழைய டெர்மினல் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து. மறுமொழிக்கு மறுமொழி என்று போகும்போது வரிமுன் சேரும் மேற்கோள் குறிகளுக்கு இடம் விட்டு 72. அத்திரைகள் காயலான் கடைக்குப் போய் முடிந்தன, கணக்கு நிற்கிறது. அஞ்சல் அனுப்பும் 465 என்ற போர்ட் எண்ணின் கதை இதைவிடச் சோகம்: 1997இல் பட்டம் கட்டி, அடுத்த ஆண்டே பறித்து, அந்த எண்ணை வேறொரு வேலைக்குக் கொடுத்து, கடைசியில் 2018இல் ஆர்எஃப்சி 8314 மூலம் திரும்ப அழைத்தார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டும் பலர் அதை விடாமல் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள் என்பது இதன் சிறப்பு.

'ஸ்டோர்கான்ட்ராக்ட்ஐடி' என்ற வரியில் 'பெர்க்லிஸ்டோர்' என்று வருவது பிஃப் பிறந்த அதே பெர்க்லிதான். ஒரு பெட்டியின் கடிதங்கள் யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் எழுதும் பழைய யுனிக்ஸ் வழக்கம் அது. இன்பாக்ஸ் என்ற பெயரில் வால் இல்லாத கோப்பு ஒன்று இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியும் நான்கு இலக்கமும் காணலாம். 0001 என்றால் படித்தது. 0003 என்றால் படித்து, பதிலும் போட்டது. 0008 என்றால் நீக்கியது. 0009 என்றால் படித்துவிட்டு நீக்கியது. மைத்துனர் அனுப்பும் காலை வணக்கங்கள் எந்த எண் பெறுகின்றன என்பதை இங்கே வெளியிடுவது குடும்ப நலனுக்கு உகந்ததன்று.

ஆனால் நீக்கியது என்று எண் விழுந்த கடிதம் கோப்பிலிருந்து போவதில்லை. குறி மட்டுமே விழுகிறது. உடல் அங்கேயே கிடக்கிறது. கோப்பைச் சுருக்கச் சொன்னால்தான் அகற்றும். அதற்குள் பெட்டி ஜிபி கணக்கில் வீங்கிவிடும். எத்தனை எம்பி வீணானால் சுருக்கலாம் என்பதைச் சொல்லும் வரிதான் 'மெயில்.பர்ஜ்_த்ரெஷ்ஹோல்டு_எம்பி'.

இவ்வரியில் ஒரு பாடச் சிக்கல் உண்டு. எல்லை என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லில் எஸ்-க்குப் பின் ஒரு ஹெச் போதும். இங்கே இரண்டு. ஏடெழுதியவர் கை நடுங்கியது என்று தள்ளிவிட இயலாது. உடன்பிறந்த வரியான 'மெயில்.ப்ராம்ப்ட்_பர்ஜ்_த்ரெஷ்ஹோல்டு' என்பதிலும் அதே இரண்டு ஹெச். ஒருவர் ஒருமுறை பிழையாக எழுத, அடுத்தவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இணையப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் 'ரெஃபரர்' என்ற தலைப்புவரியில் ஓர் 'ஆர்' குறைவது போல. அதுவும் 1996இன் ஆர்எஃப்சி 1945இலேயே பிழையோடு ஏறி, இன்றுவரை பிழையோடே வாழ்கிறது. திருத்தினால் என்ன என்று கேட்கலாம். திருத்திய பெயரைத் தேடும் செயலிக்குப் பழைய பெயரில் நீங்கள் எழுதி வைத்த எண் புலப்படாது. உங்கள் விருப்பம் போய் இயல்பு மதிப்பு வந்து உட்காரும். பழையதைப் புதியதாக மாற்றித் தரத் தனி நிரல் எழுத வேண்டும். ஒரு ஹெச்சுக்காக யார் எழுதுவார்?

ஆகவே மூலபாடத்தில் இரண்டு ஹெச்சையும் விட்டுவைத்தேன். திருந்திய பாடத்தை அடிக்குறிப்பாகத் தரலாம் என்றால் அதற்கும் இடமில்லை. இரண்டு சாய்கோடு போட்டு இந்நூலுக்குள் எழுதும் குறிப்பு எதுவானாலும், செயலி அடுத்தமுறை எழுதும்போது துடைத்துவிடுகிறது. அதே கோப்புறையில் யூசர்.ஜேஎஸ் என்று தனி ஏடு ஒன்று வைத்தால் செயலி அதை ஒவ்வொரு முறையும் படிக்கும், ஆனால் அதில் கை வைக்காது. என் உரை முழுவதும் இப்போது அங்கேதான் இருக்கிறது, வரிக்கு வரி முன்னால் இரண்டு சாய்கோட்டோடு. செயலி இதுவரை மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.