அதான் ஒண்ணு இருக்கே!

கே: என் மகன் அடிக்கடி குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலைகீழாகப் பார்க்கிறான். ‘தம்பிப் பாப்பாவைத் தேடுறான்’ என்று மாமியார் ஒரே குஷி. நிஜமா?
(ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்)

ப: தேடுவது சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பந்தை. நடை பழகிய குழந்தைகள் முக்கால்வாசிப் பேர் இப்படிப் பார்ப்பார்கள். உலகம் தலைகீழாகத் தெரிவது அவர்களுக்கு வேடிக்கை. அப்படிப் பார்த்ததற்கெல்லாம் பாப்பா வரும் என்றால், அங்கன்வாடிக்கு ஒரு பிரசவ வார்டு கட்டவேண்டியிருக்கும். மாமியாரிடம் வாதாடாதீர்கள். ‘தேடட்டும் அத்தை, கிடைச்சா அவனே சொல்லுவான்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கே: கட்டிலின் நடுவே மகள் படுக்கிறாள். அதுவும் குறுக்கே! ஒரு கால் என் மூக்கில், இன்னொன்று அவள் அம்மா கழுத்தில். இந்த லட்சணத்தில் இரண்டாவது குழந்தை எப்படி சார்?
(ஒரு அப்பா, பெருந்துறை)

ப: உங்களுக்கு இப்போதைக்கு டாக்டர் வேண்டாம், இன்னொரு பாய் போதும். தினமும் போராடவும் தேவையில்லை. கருமுட்டை உயிரோடு இருப்பது ஏறக்குறைய ஒரு நாள், விந்தணு அதிகபட்சம் 5 நாள். ஆக ஒரு மாதத்தில் வாய்ப்புள்ளவை 6 நாட்கள்தான். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளிவரும். சுழற்சி ஒழுங்காக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு உதவும். இரவுதான் என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை மதியம் பேத்தியைப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் பாட்டிகள் இந்த நாட்டின் மக்கள்தொகைக்கு ஆற்றிய தொண்டு கொஞ்சமல்ல. எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் அவர்கள் பெயர் வருவதில்லை, பாவம்.

கே: முதல் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. ‘அடுத்ததையும் உடனே பெத்துக்கோ, ஒரே கஷ்டத்துல ரெண்டும் வளர்ந்துடும்’ என்கிறார் அம்மா.
(ஒரு வாசகி, தாம்பரம்)

ப: எந்த அம்மா? கூட இருந்து குளிப்பாட்டிவிடும் அம்மாவா, சொல்லிவிட்டு பஸ் ஏறும் அம்மாவா? முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே குறைந்தது 24 மாதமாவது இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கவனியுங்கள், அடுத்த பிரசவத்துக்கு இல்லை, அடுத்த கருவுக்கு. பெற்று, பால் கொடுத்து இறங்கிப்போன இரும்புச் சத்தும் ஃபோலேட்டும் உடம்பில் மறுபடி ஏற நாளாகும். சிசேரியன் என்றால் கர்ப்பப்பைத் தையலும் உறுதிப்பட வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் அவ்வளவு காத்திருக்க முடியாது என்று நினைத்தால், டாக்டரோடு உட்கார்ந்து பேசி இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். அது உடம்பைப் பார்த்து எடுக்கும் முடிவு. ‘ஒரே கஷ்டம்’ என்பதோ கூட்டல் தெரியாதவர்கள் போட்ட கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரி காய்ச்சல் வரும்போது அம்மாவுக்கு போன் போட்டு விடை கேளுங்கள்.

கே: தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு தங்காதாமே? பையனுக்கு ஒன்றரை வயது, இன்னும் விடவில்லை.
(ஒரு வாசகி, காரைக்குடி)

ப: குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் பையன் இட்லிக்குச் சாம்பார் போதவில்லை என்று தட்டைத் தள்ளும் வயது. காலாவதியாகி ஒரு வருஷம் ஆகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதென்றால், அடுத்ததற்காக அவசர அவசரமாக வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கவும் வேண்டியதில்லை.

கே: இன்னும் கருவே தங்கவில்லை. அதற்குள் ஃபோலிக் ஆசிட் எதற்கு எழுதிக் கொடுக்கிறார்கள்?
(ஒரு வாசகி, திண்டிவனம்)

ப: குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவுற்ற 4 வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ‘நாள் தள்ளிப்போச்சோ?’ என்று நீங்கள் காலண்டரைப் பார்க்கும்போது அந்த வேலை பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் தினம் 400 மைக்ரோகிராம், முன்கூட்டியே. கூடவே இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால், பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், வாண்டு நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கே: ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிறக்கும், ஆகாது என்கிறார் பாட்டி. இந்த மாதம் முயற்சியை நிறுத்தவா?
(ஒரு மருமகள், சோழவந்தான்)

ப: இளம் வயது, நல்ல உடம்பு உள்ள ஜோடிக்கே மாதத்துக்கு 100-க்கு 20, 25 தான் வாய்ப்பு. இதில் ஆடிக்கு ஒரு தள்ளுபடி வேறா? துணிக்கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: முதல் குழந்தை கல்யாணமான சூட்டோடு தங்கியது. அடுத்ததற்கு ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறோம். சொன்னால் ‘அதான் ஒண்ணு இருக்கே’ என்கிறார்கள். நான் அழக்கூடாதா?
(பெயர் வேண்டாம், கும்பகோணம்)

ப: அழலாம். மதியம் சாப்பிட்டாயே என்று ராத்திரிப் பசியை யாராவது கோபித்துக்கொள்வார்களா?

ஒன்றுகூட இல்லாதவர்களிடம் போய் இதைச் சொல்லவும் முடியாது. இரண்டு இருப்பவர்களுக்குப் புரியவும் புரியாது. பிளே ஸ்கூல் வாசலில் வயிறு தள்ளி நிற்கும் இன்னொரு அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் பழைய குல்லாயும் தூளித் துணியும் போட்டுவைத்த அட்டைப்பெட்டி. பரணில் ஏற்றுவதா, கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டுமா? அந்தப் பெட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: இரண்டாம் நிலை குழந்தையின்மை. 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம், தாண்டிவிட்டால் 6 மாதம் முயன்றும் தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் கெடு தாண்டிவிட்டீர்கள், போங்கள். வயது, தைராய்டு, எடை, கருக்குழாய் அடைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். ‘நான்தான் ஏற்கெனவே அப்பா ஆச்சே, எனக்கெதுக்கு டெஸ்ட்?’ என்பார். அவர் காட்டுவது பழைய சான்றிதழ். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும், ஆகவே இன்று இருப்பது இந்த வருஷத்துச் சரக்கு. நடுவில் சிகரெட், சர்க்கரை, தொப்பை என்று என்னென்ன சேர்ந்ததோ! உள்ள பரிசோதனைகளிலேயே சுலபமானது அவருடையதுதான்.

கே: முதலாவது பெண். அடுத்தது பையனாகப் பிறக்க மனைவி என்ன சாப்பிட வேண்டும்?
(ஒரு வாசகர், நாமக்கல்)

ப: அதை முடிவு செய்வது உங்கள் விந்தணு. அவர் தட்டை விட்டுவிடுங்கள். ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால், 1994-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்குள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

கே: எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ‘அடுத்தது எப்போ?’
(ஒரு வாசகி, சிவகாசி)

ப: ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியது அரசாங்கம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி 1.8 தான். மிச்சம் 0.2-ஐ வசூலிக்கத்தான் சித்திகள் பந்திக்குப் பந்தி வருகிறார்கள். ‘ராத்திரி தூங்க வைக்க நீங்க எப்போ வர்றீங்க சித்தி?’ என்று கேளுங்கள். பாயசம் வாங்கப் போய்விடுவார்.

கே: ‘தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?’ என்று மூன்று வயது மகளிடம் கேட்டால், ‘நாய்க்குட்டி’ என்கிறாள்.
(ஒரு அம்மா, உடுமலைப்பேட்டை)

ப: கொடுக்கவும் மாற்றவும் முடியாததைப் பற்றி ஏன் விருப்பம் கேட்டீர்கள்? இப்போதே எதுவும் சொல்லாதீர்கள். ‘நாளைக்கு’ என்பதையே தாங்காத வயதுக்குப் பத்து மாதக் காத்திருப்பு பெரிய தண்டனை. உங்களுக்கும் ஆபத்துதான்: காலையில் அவளிடம் சொன்னால் சாயங்காலம் இஸ்திரிக்காரர் ‘எத்தனை மாசம்மா?’ என்று விசாரிப்பார்.