ரீஸ்டார்ட் அண்ணன்

ஏலாக்குறிச்சிக்கு லீவில் வந்தாலும் ரீஸ்டார்ட் அண்ணனின் செல்போனுக்கு லீவு கிடையாது. டீக்கடை பெஞ்சில் வடையைப் பிய்க்கும்போதே மணி அடிக்கும்.

"அண்ணே, மெயில் போவலண்ணே. மெமரி தொண்ணூத்தஞ்சு காட்டுது."

"ரீஸ்டார்ட் போடு."

அவ்வளவுதான் வைத்தியம். போர் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் இதே வைத்தியம்தான். மோட்டார் புகைந்துபோனது தனிக்கதை. சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் ஆபீஸ்களில் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

மெமரி நிறைந்திருப்பது நோயே இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லி ஜெயித்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் என்கிற அந்த மெயில் சர்வர், இருக்கும் மெமரியில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டு, அடிக்கடி கேட்கிற கடிதங்களை அதில் கைக்கெட்டும்படி வைத்திருக்கும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரியை நிரப்பி வைப்பது மாதிரி. அண்ணனோ நிறைந்த ஏரியைக் கண்டதும் மதகைத் திறந்துவிடுவார். பிறகு எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து மறுபடி அள்ள வேண்டும். அதுவும் திங்கட்கிழமை காலை, ஆபீஸ் மொத்தமும் அவுட்லுக்கைத் திறக்கும் நேரத்தில்.

ஆனால் ரீஸ்டார்ட் ஆன ஐந்தாவது நிமிஷம் மெமரி முப்பதில் நிற்கும். "பாத்தியா?" என்பார். வீரமாமுனிவர் வாழ்ந்து, கோயில் கட்டி, திருக்காவலூர் என்று பேரும் வைத்த ஊர் இந்த ஏலாக்குறிச்சி. அவர் எழுதிய கதையில் பரமார்த்த குருவின் சீடன் ஆறு விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விட்டான், சீறியது. கொஞ்ச நேரம் கழித்து, அணைந்துபோன அதே கட்டையை மறுபடி விட்டார்கள். சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டது!

2022 ஜனவரி 1 அண்ணனுக்குச் சோதனையான நாள். அன்று உலகமெங்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மெயில்கள் வரிசையிலேயே நின்றுவிட்டன. வைரஸ் பார்க்கும் பகுதி, தேதியை வைத்து 2201010001 என்று ஒரு பதிப்பு எண் போட்டிருந்தது. அதை வைக்கிற 32 பிட் இடத்தில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. மரக்காலில் கொள்ளாத நெல், மரக்காலைக் கவிழ்த்துக் கவிழ்த்து அளந்தால் கொண்டுவிடுமா? அண்ணன் ஏழு தடவை கவிழ்த்தார்.

போன வாரம் பிராசஸர் நூறைத் தொட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் டாஸ்க் மேனேஜரைப் போனிலேயே வாசித்தான்.

"வைரஸ் ஸ்கேன் ஒண்ணுதாண்ணே மேல நிக்குது. மெயில் டேட்டாபேஸையே சுரண்டிக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை உங்க லாகின்ல போட்டது."

"அது நம்மளுது தம்பி. அதை எதுக்கு எண்ணுற? மத்ததைச் சொல்லு."

ஆற்றைக் கடந்த அந்தச் சீடர்களும் இப்படித்தான், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணினார்கள்.

ஸ்கேனை நிறுத்தி, டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரை இனி அது தொடாதபடி விலக்கி வைத்தவன் அந்தப் பையன்தான். பிறகு, அண்ணன் மனசு கோணக் கூடாதே என்று ஒரு ரீஸ்டார்ட்டும் போட்டான்.