துணிக்கு உடம்பா, உடம்புக்குத் துணியா?

வளரிளம் பெண்களின் உடையையும் உடம்பையும் பற்றி, இரும்பை தொடங்கி மரக்காணம் வரையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவி, இரும்பை

கேள்வி: பொங்கலுக்குத் துணி எடுக்கப் புதுச்சேரி போனோம். மூணு கடை ஏறி இறங்கியும் எனக்குப் பிடிச்ச டாப்ஸ் எதுவும் 'எல்' சைஸுக்கு மேல இல்ல. "உன் உடம்புக்கு லேடீஸ் செக்‌ஷன்ல பாரும்மா"ன்னு ஒரு அக்கா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. ட்ரையல் ரூம்லயே அழுதுட்டேன். நான் அவ்வளவு குண்டா?

பதில்: இல்லைம்மா. குறை அந்தக் கடை வாங்கி வைத்த சரக்கில் இருக்கிறது, உன் உடம்பில் இல்லை.

ரெடிமேட் டாப்ஸும் குர்தியும் மொத்த வியாபாரத்தில் பெரும்பாலும் 'செட்' கணக்கில்தான் கைமாறும். எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று நாலு பீஸ் சேர்ந்தது ஒரு செட். இளம்பெண்களுக்கான மாடல் என்றால் எஸ், எம், எல் என மூன்றோடு நிறுத்திவிடுவதும் உண்டு. பெரிய சைஸ் முதலில் விற்றுப் போனால், அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. முழுச் செட்டையும் எடுக்க வேண்டும். மற்ற பீஸ்கள் தேங்கிவிடுமே என்று கடைக்காரர் பேசாமல் இருந்துவிடுகிறார்.

தயாரிப்பவரிடமும் இதே செலவுக் கணக்குதான். நடுத்தர அளவு ஒன்றுக்குப் பேட்டர்ன் வெட்டி, அதிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் கூட்டியும் குறைத்தும் மற்ற சைஸ்களை எடுக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வெறுமனே கூட்டினால் துணி தோளில் தொங்கும், அக்குளில் பிடிக்கும். ஆர்ம்ஹோல், தோள், மார்பு எல்லாவற்றுக்கும் புதுப் பேட்டர்ன் போட்டாக வேண்டும். இந்தச் செலவை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதற்கு நீ அழுதிருக்கிறாய். இனி அழாதே. நம் திருப்பூரிலேயே அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர்களுக்கு மூன்று எக்ஸ், நான்கு எக்ஸ் வரை தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். தைக்கத் தெரியாமல் இல்லை. உனக்காகத் தைக்க இன்னும் மனம் வைக்கவில்லை.

கல்லூரி மாணவி, கோட்டக்குப்பம்

கேள்வி: என் தங்கச்சிக்கு 13 வயசு. சின்னப் பிள்ளைங்க செக்‌ஷன் டிரெஸ் முட்டிக்கு மேல நிக்குது. பெரியவங்க டிரெஸ் தோள்ல நிக்கல. இதுக்கு என்ன பெயர்?

பதில்: மறதி. குழந்தைகளுக்கு வயது எண், பெரியவர்களுக்கு எஸ், எம், எல். நடுவில் 12 முதல் 15 வயது வரை ஒரு பெண் வளர்கிறாள் என்பதைப் பல நிறுவனங்கள் மறந்துவிட்டன. ஒல்லியான பெண்ணும் இதில் தப்பவில்லை என்பதை உங்கள் தங்கை காட்டிவிட்டாள்.

பொறியியல் மாணவி, திண்டிவனம்

கேள்வி: ஒரு கம்பெனியில் எம், இன்னொன்றில் எக்ஸ்எல். ஒரே வாரத்தில் என் உடம்பு எப்படி மாறும்?

பதில்: மாறவில்லை. எல்லா நிறுவனமும் ஒரே அளவில் வெட்ட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. அமெரிக்கா ஒருமுறை முயன்று பார்த்தது. 1939-40இல் அந்நாட்டு வேளாண் துறைக்காக ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். வெள்ளையினப் பெண்களின் அளவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கின் அடிப்படையில் 1958இல் அரசு அளவு அட்டவணை வந்தது. 1983இல் அதையும் திரும்பப் பெற்றார்கள். இன்று அவரவர் வைத்ததுதான் சைஸ். வாங்குபவர் மனம் குளிர வேண்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன எழுத்தை ஒட்டும் நிறுவனங்களும் இருக்கின்றன.

எனவே எழுத்தைப் பார்க்காதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். கடையில் தொங்கவிட்டு விற்கும் ஆடைகளின் லேபிளில் எஸ், எம், எல் குறியோடு மெட்ரிக் அளவும் இருக்க வேண்டும் என்று 2022இல் சட்டமுறை எடையளவு விதிகளில் திருத்தம் வந்திருக்கிறது. வீட்டில் மார்பு, இடுப்பு, ஹிப் மூன்றையும் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ட்ரையல் ரூம் கிடைக்காது. இந்த மூன்று எண்கள் அங்கே கை கொடுக்கும். லேபிளில் அளவே இல்லை என்றாலோ, போட்ட அளவு பொய் என்றாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வாசகி, வானூர்

கேள்வி: 'ஃப்ரீ சைஸ்' யாருக்குப் பொருந்தும்?

பதில்: தயாரிப்பவருக்கு. ஒரே வெட்டு, ஒரே லேபிள், ஒரே பெட்டி என்று அவர் வேலை சுலபமாகிறது. பிராண்டி மெல்வில் என்ற இத்தாலிய நிறுவனம் பள்ளிச் சிறுமிகளுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு சைஸை மட்டும் விற்று உலகப் புகழ் பெற்றது. அந்தச் சின்னச் சட்டைக்குள் நுழைய முடிந்தவர்கள் ஒரு கூட்டம், முடியாதவர்கள் இன்னொரு கூட்டம் என்று வகுப்பறைகளே பிரிந்தன. அந்த நிறுவனத்தைப் பற்றி 2024இல் எச்பிஓ ஓர் ஆவணப்படமே வெளியிட்டது. 'எல்லாருக்கும் பொருந்தும்' என்று எழுதிய துணி உனக்கு மட்டும் பொருந்தவில்லை என்றால், 'எல்லாரிலும் நான் சேர்த்தி இல்லையோ' என்றுதான் 14 வயதுப் பிள்ளைக்குத் தோன்றும். இந்த வார்த்தையை லேபிளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

உப்பளத் தொழிலாளி, மரக்காணம்

கேள்வி: பொண்ணு பத்தாவது படிக்குது. ஒல்லியாகணும்னு மத்தியானச் சோத்தை நிறுத்திட்டுது. ராத்திரியும் அரை இட்லிதான். கேட்டா, 'உன்னை மாதிரி ஆகச் சொல்றியா'ன்னு கேக்குது. நான் என்ன சொல்றது?

பதில்: அம்மா, அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. உப்புப் பாத்தியில் வாரி இழுத்து, கூடை சுமந்து உரமேறிய கை உங்களுடையது. ரெடிமேட் ஜாக்கெட்டின் கைக்குள் அது நுழையாமல் போனால், அந்த ஜாக்கெட்டை வெட்டியவர் உழைக்கும் பெண்ணின் கையை அளந்து பார்த்ததில்லை என்று பொருள். இதை உங்கள் மகளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். பூப்பெய்தும் காலத்தில் பெண்ணின் இடுப்பும் தொடையும் மார்பும் நிறைவது இயற்கை. எடை கூடாமல் அந்த வளர்ச்சி நடக்காது. அந்த நேரத்தில் சோற்றை நிறுத்தினால் எலும்பும் ரத்தமும்தான் முதலில் அடிவாங்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் மகள் பட்டினி கிடப்பதைப் பருவத்துப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள்.

கவனியுங்கள்: மாதவிலக்கு தள்ளிப் போகிறதா, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாளா, தலைசுற்றுகிறதா, முடி கொட்டுகிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா? ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், செலவில்லை. 2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயது மாணவி ஒருவர் எடை குறைக்கச் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உயிரையே விட்டார். நம் வீட்டில் அப்படி நடக்காது என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

அவளைத் திட்டாதீர்கள். தட்டைப் பார்த்து எண்ணாதீர்கள். ஒரு வேளையாவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள்.

வாசகர், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு

கேள்வி: பாவாடை தாவணி காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததா?

பதில்: குறைவு. கொசுவம் கூட்டிக் குறைத்தால் தாவணி எவருக்கும் நிற்கும். பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்து, பெண் உயர உயரப் பிரித்துவிட்டார்கள். துணி உடம்புக்கு வழிவிட்டது. ஆனால், "பேசாமல் தாவணியே கட்டு" என்று பெண்களிடம் சொல்வதற்காக இதைக் கேட்கிறீர்கள் என்றால் நான் உடன்பட மாட்டேன். ஜீன்ஸ் போட விரும்பும் பெண்ணுக்கு அவள் அளவில் ஜீன்ஸ் கிடைக்க வேண்டும். பழைய காலத்திடமிருந்து அந்த மடிப்பை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

பிளஸ் டூ மாணவி, இரும்பை

கேள்வி: கல்யாண வீட்டுக்குப் போனாலே "என்னடி இப்படி ஊதிட்ட"ன்னு சிரிக்கிறாங்க. பெரியவங்களை எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. சிரிச்சு மழுப்பணுமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஊர் மாகாளேஸ்வரர் கோயில் கதையை நினைத்துப் பார். சம்பந்தர் பாடிய தலம். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சலங்கை கழன்று விழுகிறது. கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் கட்டிவிடுகிறார். கூடி நின்றவர்கள் கேலியாகச் சிரிக்கிறார்கள். சித்தர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்துச் சிதறியதாகத் தலக்கதை சொல்கிறது. செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டிய லிங்கத்துக்குத்தான் இன்றும் பூசை. ஆடிய பெண் மீது அந்தக் கதை ஒரு பழியும் வைக்கவில்லை. சிரித்த கூட்டத்தைத்தான் குற்றவாளியாக நிறுத்துகிறது.

2025 நவம்பரில் சென்னையில் நடந்ததையும் பார்த்திருப்பாய். 'அதர்ஸ்' படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனின் எடை பற்றிய கேள்வி பிரச்சினையானபோது, அறை நிறைய ஆண்கள் இருக்க, அவர் தனியாக நின்று 'இது உருவக்கேலி' என்று முகத்துக்கு நேரே சொன்னார். நடிகர் சங்கம் கண்டித்தது. அவர் குரல் உயர்த்தியிருக்காவிட்டால் அந்தக் கேள்வி வழக்கம்போல நகைச்சுவையாகக் கடந்து போயிருக்கும்.

அப்படிச் சிரிக்கும் அத்தையிடம் சண்டை போட வேண்டியதில்லை. "அத்தை, என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க, எனக்குப் பிடிக்கல" என்று சிரிக்காமல் ஒரே ஒரு முறை சொல். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உன் அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நேரத்தில் மகள் பக்கம் நில்லுங்கள்.

ஆசிரியர், மரக்காணம்

கேள்வி: உடல் பருமன் நோய்க்கு வழி. பெரிய சைஸ் தைத்துக் கொடுத்தால் அதை ஊக்குவிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது ஐயா. தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை என்று மேலே சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் பொருத்தமான விளையாட்டு உடை கிடைக்காத பெண் மைதானத்துக்கு வரமாட்டாள். உடற்பயிற்சி வகுப்பில் 'வயிற்று வலி' என்று ஓரமாக உட்காரும் மாணவியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். எடையைப் பற்றி மருத்துவர் பேசட்டும். துணிக்கடை தண்டனை கொடுக்க வேண்டாம்.

வாசகி, காலாப்பட்டு

கேள்வி: இதெல்லாம் இன்ஸ்டாகிராம் வந்த பிறகுதானே?

பதில்: அதற்கும் முன்பே. ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. சதைப்பற்றான உடம்பை அழகென்றும் நல்ல வளர்ப்பென்றும் கொண்டாடிய ஊர் அது. மூன்றே ஆண்டில், 1998இல், ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் மறுபடி போனபோது பள்ளிச் சிறுமிகளில் 11.3 சதவீதம் பேர் எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள். முதல் முறை கேட்டபோது ஒருவர்கூட இல்லை. உடம்பு அதே உடம்பு, திரைதான் புதிது. இன்று அந்தத் திரை தலையணைக்கு அடியில் இருக்கிறது. பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆய்வே சொல்லியிருந்தது 2021இல் வெளிவந்தது. திருத்திய விளம்பரப் படங்களில் 'திருத்தியது' என்று எழுத வேண்டும் என நார்வே 2022 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது.

தையல்காரர், வானூர்

கேள்வி: நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய, அக்கா. அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், நோட்டில் எழுதுங்கள். "போன தடவையைவிட ரெண்டு இன்ச் கூடிட்ட" என்று சொல்லாதீர்கள். வளரும் பிள்ளைக்கு உள்ளே தாராளமாகத் தையல் விடுங்கள். ரெடிமேட் வாங்கி ஆல்டருக்கு வரும் பெண்ணிடம், "துணியைச் சரி பண்ணிடலாம்" என்று சொல்லுங்கள். அவள் அதை மறக்க மாட்டாள்.

கல்லூரி ஆசிரியை, புதுச்சேரி

கேள்வி: அரசிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றால்?

பதில்: நம் பெண்களை அளந்து அட்டவணை போடுங்கள் என்று கேட்பேன். இந்தியர்களுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மூலம் 25,000 பேரை அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்துக்கு 2018இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. அறிவித்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தமிழ்நாட்டில் ஒரு நகரம்கூட இல்லை. வயது வரம்பு 15 முதல் 65. அலமாரியில் இடமே இல்லாத 12, 13, 14 வயதுப் பெண்கள் அந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் தமிழ்நாட்டு அரசு இந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கிறது. சத்துணவுத் திட்டத்தில் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிறது. சமூக நலத்துறையின் கீழ் வரும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றைத் தைக்கின்றன. அந்தச் சங்கப் பெண்களின் நோட்டுகளில் இரும்பைப் பிள்ளைகளின் அளவும் இருக்கும், மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அளவும் இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டு அந்த அளவுகளைத் தொகுத்து, வயதுவாரியாக அட்டவணை போட்டு, திருப்பூரில் தைப்பவர்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். சமூக நலத்துறை இதை அடுத்த கல்வியாண்டுக்கான சீருடை அளவெடுப்பிலேயே தொடங்கலாம்.