கல்வித் தகுதி: மேலிருந்து கீழே

1983இல் பி.காம். முடித்த எங்கள் செட்டுக்கு ரெஸ்யூமே என்ற சங்கதியே தெரியாது. பயோடேட்டாதான். அதையும் நாங்களா எழுதினோம்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் அடித்துக் கொடுப்பார். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி என்று விறுவிறுவென்று இறங்கியவர், கல்வித் தகுதி வந்ததும் நிதானமாகக் கட்டம் கட்டத் தொடங்குவார். பயோடேட்டாவின் கர்ப்பக்கிருகம் அதுதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறி, ‘டைப்ரைட்டிங்: இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர்’ என்று முடியும். பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்தக் கடைசி வரிதான் என்பது வேறு விஷயம். கார்பன் வைத்து நாலு காப்பி. நாலாவதில் டிகிரி இருப்பது தெரியும், என்ன டிகிரி என்பது தெரியாது. சிபாரிசு செய்வதாக வாக்களித்த சொந்தக்காரர்களுக்கு அந்தக் காப்பி.

எனக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. 1978இல் பி.யு.சி.யை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ கொண்டுவந்தார்கள். நான் முதல் செட். இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பி.யு.சி. “அதென்னப்பா பிளஸ் டூ?” என்பதற்குப் பதில் சொல்வதிலேயே எனக்கான நேரம் தீர்ந்துவிடும்.

நகல்களுக்குக் கெசட்டட் ஆபீசரின் அட்டெஸ்டேஷன் வேண்டும். எங்கள் ஊரில் சுலபமாகச் சிக்கியவர் கால்நடை டாக்டர். சினைப் பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, கையைக் கழுவி, வேட்டி கட்டிய ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, பச்சை மைப் பேனாவைத் திறப்பார். ஒரிஜினலோடு வரிவரியாக ஒத்துப் பார்ப்பார். என் அக்கவுண்டன்சி மார்க்கைப் பார்த்துவிட்டு, “இதுக்கு உண்மை நகல் வேறயா?” என்று கேட்டார். ஆனாலும் சீல் குத்தினார். சுமார் 30 வருடம் கழித்து, நம் நகலுக்கு நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. இப்போது அதுவும் போய், டிஜிலாக்கர்.

தேறாத படிப்புக்கும் அன்று மரியாதை உண்டு. என் பெரியப்பாவின் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.ஏ. (பெயில்)’ என்று அச்சடித்திருந்தார்கள். காலேஜ் வாசலை மிதித்தவர் என்பதற்கு அத்தாட்சி. பிறகு வந்த தலைமுறை அதை மறைத்தது. இப்போது ஹார்வர்டைப் பாதியில் விட்டேன் என்பது பெருமையாகிவிட்டது. அப்படி விட்டுப்போன பில் கேட்ஸுக்கு 2007இலும், மார்க் ஸக்கர்பெர்குக்கு 2017இலும் அதே ஹார்வர்டு கூப்பிட்டுக் கௌரவப் பட்டம் கொடுத்தது. பெரியப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

தங்கை மகள் பி.இ. கடைசி வருடம். ரெஸ்யூமேயைக் காட்டினாள். ஒரே பக்கம். முதல் பத்தி முழுக்கத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறாள். எங்கள் காலத்தில் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்லும் அதிகாரம் ஹெட்மாஸ்டருக்குத்தான், அவரும் டி.சி.யில் ‘நடத்தை: நன்று’ என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழித்ததில்லை. ஸ்கில்ஸ், புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் எல்லாம் தாண்டி, அடியில் ஒண்டிக்கொண்டு படிப்பு. அதுவும் தலைகீழாக, பி.இ. மேலே, டென்த் கீழே.

“இதைக் கட்டம் போட்டு மேலே வைக்கலாமே?”

“மாமா, முதல்ல சாஃப்ட்வேர்தான் படிக்கும். கட்டம் போட்டா அதுக்குக் குழம்பிடும்.”

“அப்போ டென்த் மார்க் எதுக்கு?”

“அது இல்லாட்டி அப்ளையே பண்ண முடியாது.”

பல ஐ.டி. கம்பெனிகள் டென்த், பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. இவள் டென்த் முடித்தது 2020இல். கொரோனாவால் பரீட்சை ரத்து. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டு எல்லாரையும் பாஸாக்கினார்கள். எழுதாத பரீட்சையின் மார்க்கைத்தான் பாடுபட்டுப் படித்த பி.இ.க்கு ஜாமீனாகக் கேட்கிறார்கள். காய்ச்சலோடு ஸ்கூலுக்குப் போன நாளெல்லாம் இன்று தசம ஸ்தானத்தில் நிற்கிறது.

என் தங்கைக்கு அந்த ஒற்றைப் பக்கம் பிடிக்கவில்லை. படிப்பை மேலே ஏற்றி, நட்சத்திரம், உயரம், தாய்மாமன் உத்தியோகம் சேர்த்து, இரண்டு பக்கமாக்கி, மகளுக்குத் தெரியாமல் தரகருக்கு வாட்ஸ்அப் பண்ணிவிட்டாள். அவர் உடனே போன் செய்தார்.

“படிப்பெல்லாம் சரிங்கம்மா. கம்பெனி பேரு போடலியே?”