முற்றும் எச்சமும்: சண்டர்லாந்து கால்பந்து ரசிகர்களின் தீராத வழக்கு குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தீர்ப்பு வராத வழக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டிமன்ற மேடைக்குக் கண்ணகியா மாதவியா எப்படியோ, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சண்டர்லாந்து ஊர் மதுக்கடைக்கு '1973-ஆ 2025-ஆ' அப்படி. நடுவர் இல்லாததால் இந்த வழக்கு கடை மூடும் நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

வழக்கின் பொருள் இது. 1973 மே 5 அன்று சண்டர்லாந்து அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2025 மே 24 அன்று அதே அணி இரண்டாம் அடுக்கிலிருந்து மேல் அடுக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. இரண்டில் எது பெரிது? கேட்டால் ஒரு வரிக் கேள்வி. இறங்கிப் பார்த்தால் முனைவர் பட்டத்துக்குரிய ஆழம் இருக்கிறது. இதுவரை அறிஞர்கள் இதைத் தொடாதது வியப்பு.

2. ஆய்வு எல்லை

வியர் ஆறு வடகடலில் கலக்கும் ஊரும் அதன் அணியும் மட்டுமே இவ்வாய்வின் எல்லை. பக்கத்து ஊரான நியூகாசில் ஆதரவாளர்களின் கருத்துகள் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் ஆய்வு முடியாது. கள ஆய்வுக்குப் பயணப்படி கேட்டு ஆய்வாளர் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வராததால், இது நாற்காலியை விட்டு எழாத கள ஆய்வு முறையில் நடத்தப்பட்டது.

கலைச்சொற்கள்: 'ஏற்றம்' என்பது கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்குப் போவது, 'இறக்கம்' அதன் மறுதலை. ஆங்கிலத்தில் ஏற்றத்துக்கு 'புரோமோஷன்' என்றே பெயர். நம் அலுவலகங்களில் புரோமோஷன் வந்தால் கூடவே மாறுதல் உத்தரவும் வரும். இங்கே கூடவே வருவது பயம். மேல் அடுக்கில் இருபது அணிகள். ஆண்டுதோறும் கடைசி மூன்றும் கீழே தள்ளப்படும்.

3. கருதுகோள்

கோப்பை வினைமுற்று, ஏற்றம் வினையெச்சம். இதுவே ஆய்வாளரின் கருதுகோள்.

'வென்றார்கள்' என்றால் வாக்கியம் முடிந்தது. பின்னால் யாரும் எதையும் ஒட்ட முடியாது. 'ஏறி' என்றால் முடியவில்லை; ஏறி என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். இன்னொரு வினை வந்து அதைக் கரைசேர்க்க வேண்டும். சண்டர்லாந்தின் வரலாற்றில் அந்த இன்னொரு வினை எது என்பதில் மாறுபாடே இல்லை.

4. தரவுகள்: ஏறி இறங்கிய படலம்

அணி முதன்முதலாக மேல் அடுக்கை விட்டு இறங்கியது 1958இல். அதன்பின் மேல் அடுக்குக்கு ஏறிய ஆண்டுகள்: 1964, 1976, 1980, 1990, 1996, 1999, 2005, 2007, 2025. மொத்தம் ஒன்பது. முதல் எட்டும் இறக்கத்தில் முடிந்தன. 1976, 1990, 1996, 2005 ஆகிய நான்கு முறை ஏறியவர்கள் மறு ஆண்டே இறங்கினார்கள். தாலுகா ஆபீஸ் படியைக்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்கியதில்லை. 2007இல் ஏறியவர்கள் பத்தாண்டு தாக்குப்பிடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் எச்சம் நீண்டதே தவிர, 2017இல் வந்து சேர்ந்த முற்று அதே முற்றுதான். மறு ஆண்டு இன்னும் ஓர் அடுக்கு கீழே போனது தனிக் கதை.

இவற்றுள் இலக்கண ஆசிரியர்கள் பாடம் நடத்தத் தக்கது 1990. அவ்வாண்டு ஆறாம் இடத்தில் முடித்த சண்டர்லாந்து, மூன்றாம் இடத்தில் இருந்த நியூகாசிலையே ஏற்றத்துக்கான தகுதிச் சுற்றின் அரையிறுதியில் வீழ்த்தி, அதன் இறுதி ஆட்டத்தில் ஸ்விண்டனிடம் தோற்றது. பிறகு ஸ்விண்டனின் கணக்குவழக்கு முறைகேடு வெளிவந்து அவர்களின் ஏற்றம் பறிக்கப்பட, தோற்ற சண்டர்லாந்து மேலே போனது. மறு ஆண்டு திரும்பி வந்தது. 'தோற்று, ஏறி, இறங்கினர்' என ஒரே வாக்கியத்தில் இரண்டு எச்சமும் ஒரு முற்றும் அமைந்த அரிய எடுத்துக்காட்டு இது.

5. முற்றின் இயல்பு: 1973

எதிர்த்தரப்பில் மேலாளர் டான் ரெவியின் லீட்ஸ் யுனைடெட். முந்தைய ஆண்டு கோப்பையை வென்றவர்கள். சண்டர்லாந்தோ இரண்டாம் அடுக்கு அணி. அந்த அடுக்கிலிருந்து ஓர் அணி கோப்பையைத் தூக்கி 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெம்பிளி மைதானத்தில் ஒரு லட்சம் பேர். 32ஆம் நிமிடம், ஒரு கார்னர். இடக்கால் ஆட்டக்காரரான இயன் போர்ட்டர்ஃபீல்டு வலக்காலால் அடித்தார், கோல். ஆக, கோப்பை எந்தக் காலை நம்பி வளர்ந்தாரோ அந்தக் காலால் வரவில்லை. முற்றுவினை சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாம் பாதியில் கோல்கீப்பர் ஜிம் மாண்ட்கோமரி, லீட்ஸின் ட்ரெவர் செர்ரி தலையால் முட்டியதைத் தட்டிவிட்டார். பந்து நேரே பீட்டர் லாரிமரிடம் போனது. லாரிமரின் உதை எப்படிப்பட்டது என்று இங்கிலாந்துக்கே தெரியும். விழுந்த இடத்திலிருந்து எழுந்த மாண்ட்கோமரி அதையும் குறுக்குக் கட்டையில் படும்படி திருப்பிவிட்டார். ஆட்டம் 1-0. முடிந்ததும் சண்டர்லாந்து மேலாளர் பாப் ஸ்டோக்கோ, சிவப்பு டிராக்சூட்டின் மேல் மழைக்கோட்டும் தலையில் தொப்பியுமாக, கைகளை விரித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடி மாண்ட்கோமரியைக் கட்டிக்கொண்டார். இந்த ஸ்டோக்கோ 1955இல் இதே கோப்பையை ஆட்டக்காரராக வென்றவர், நியூகாசிலுக்காக. எதிரூர் மருமகன் வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதை என்று கொள்க.

கவனிக்க: அந்தப் பருவத்தில் ஏற்றம் கிடைக்கவில்லை. லீக்கில் ஆறாம் இடம். ஆனால் 1973ஐப் பற்றிப் பேசும் யாரும் அதைச் சொல்வதில்லை. முற்றுக்கு அடிக்குறிப்பு கிடையாது.

6. எச்சத்தின் இயல்பு: 2025

கோப்பைக்கு ஆடியது ஒன்பது ஆட்டம். மறு ஆட்டங்களும் இதில் அடக்கம். 2025 ஏற்றத்துக்கு ஆடியது 46 லீக் ஆட்டமும், நாலாம் இடத்தில் முடித்ததால் ஏற்றத்துக்கான தகுதிச் சுற்றில் மேலும் மூன்றும், ஆக 49. ஒன்பது ஆட்டம் கல்யாணம் என்றால் 49 ஆட்டம் குடித்தனம். கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றுவிட்டுத்தான் அரையிறுதிக்கு வந்தார்கள் என்பது இந்தக் குடித்தனத்தின் தன்மையை விளக்கும்.

அரையிறுதியில் கவெண்ட்ரிக்கு எதிராக 122ஆம் நிமிடத்தில் டான் பாலார்டு தலையால் முட்டினார். இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட் முதலில் கோல் அடிக்க, எலியேசர் மயெண்டா சமன் செய்ய, 95ஆம் நிமிடத்தில் டாம் வாட்சன் முடித்துவைத்தார். வயது பத்தொன்பது, இந்த அணியின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்தவர், அடுத்த பருவம் பிரைட்டனுக்குப் போவதாக ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர். புதுவீட்டைக் கட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்குக்கூட நில்லாமல் கிளம்பிய கொத்தனார்.

பணத்தை வைத்து அளக்கலாமே என்பார் உண்டு. இந்த ஏற்ற ஆட்டத்தைக் கால்பந்தின் மிக விலையுயர்ந்த ஒற்றை ஆட்டம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கோப்பைப் பரிசுத்தொகை அதன் முன்னால் மொய்ப்பணம். ஆனால் ஒளிபரப்பு உரிமைத் தொகையை நினைத்து மதுக்கடையில் யாரும் கண்கலங்கியதாகத் தெரியவில்லை. எனவே இந்த அளவை தள்ளப்படுகிறது.

7. பிறர் கூற்றும் மறுப்பும்

கோப்பை முற்று என்றால், வென்றவர்கள் அதன்பின் கெட்டழிந்தாலும் அது தனியாக நிற்க வேண்டும். நிற்கிறதா? 2013இல் விகன் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. மூன்றே நாளில் மேல் அடுக்கிலிருந்து இறங்கியது. 2008இல் வென்ற போர்ட்ஸ்மவுத், கடனில் மூழ்கி, ஐந்தே ஆண்டில் நாலாம் அடுக்குக்குப் போனது. அந்த ஊர்களில் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கத் தயாரா என்று கேட்கும் துணிச்சல் ஆய்வாளருக்கு இல்லை; நாற்காலியிலிருந்தே பதில் தெரிகிறது. முற்று நிற்கிறது.

இடைப்பிறவரலாக ஒரு கண்டுபிடிப்பு. விகனின் கோப்பையை 91ஆம் நிமிடத்தில் தந்தவர் பென் வாட்சன். சண்டர்லாந்தின் ஏற்றத்தை 95ஆம் நிமிடத்தில் தந்தவர் டாம் வாட்சன். இருவரும் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள். இடம் இரண்டு முறையும் வெம்பிளி. கோப்பையா ஏற்றமா என்ற பேதம் வாட்சன்களுக்கு இல்லை. இதை 'வாட்சன் விதி' என்று இவ்வாய்வு முன்மொழிகிறது. பயன் என்ன என்று கேட்பவர்கள் ஆய்வுலகுக்குப் புதியவர்கள்.

8. கருதுகோள் உடைதல்

இதுவரை எல்லாம் சரி. ஆனால் நேர்மையான ஆய்வாளன் தனக்கு எதிரான சான்றை மறைக்கக் கூடாது. மறைக்க முயன்றும் முடியாதபோது.

சண்டர்லாந்து வென்ற எஃப்.ஏ. கோப்பை ஒன்றல்ல, இரண்டு. 1937இல் பிரெஸ்டனை 3-1 என்று வென்றார்கள். அதுவும் முற்றுதானே? ஆனால் '1937-ஆ 2025-ஆ' என்று யாரும் சண்டை போடுவதில்லை. அது பட்டியலில் இருக்கிறது, வழக்கில் இல்லை. 2021இல் வெம்பிளியில் கீழ் அடுக்கு அணிகளுக்கான இன்னொரு கோப்பையை, ஒரு பீட்சா நிறுவனத்தின் பெயர் தாங்கியதை, டிரான்மியரிடமிருந்து வென்றார்கள். பெருந்தொற்றுக் காலம், அரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. அறிவியல் ஆய்வகத்தில் ஒரு பொருளை மட்டும் நீக்கிவிட்டுச் செய்யும் சோதனையைக் காலமே செய்து கொடுத்தது. முடிவு: கோப்பை இருக்கிறது, பேச்சு இல்லை.

ஆக, முற்றை முற்றாக்குவது வெள்ளிப் பாத்திரம் அல்ல. அதை ஓர் ஆண்டு வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். 'நான் அங்கே இருந்தேன்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் போனபின் 'அப்பா அங்கே இருந்தார்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். 1973இல் பத்து வயதுப் பையன் 2025இல் அறுபத்திரண்டு வயதுத் தாத்தா. அவருக்கு அந்தக் கோப்பை கண்ணால் கண்டது; அவர் மகனுக்குக் காதால் கேட்டது. மகனுக்குச் சொந்தமாகக் கண்டது என்று ஒன்று வேண்டியிருந்தது. 1992, 1998, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் வெம்பிளிக்குப் போனபோது அவன் தோல்வியைத்தான் கண்டான். எனவே வழக்கு கோப்பைக்கும் ஏற்றத்துக்கும் இடையில் அல்ல; கேட்டதற்கும் கண்டதற்கும் இடையில்.

9. தொல்பொருள் சான்று

அணியின் பழைய மைதானமான ரோக்கர் பார்க் 1997இல் கைவிடப்பட்டு, இடிக்கப்பட்டு, குடியிருப்பானது. அங்குள்ள தெரு ஒன்றின் பெயர் 'புரோமோஷன் க்ளோஸ்'. தெருப்பெயரில் வரும் 'க்ளோஸ்' என்பது பொதுவாக மறுபக்கம் வழியில்லாத முட்டுச்சந்தைக் குறிக்கும். ஏற்றத்தை ஊர் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கல்வெட்டு வேண்டியதில்லை. கோப்பைக்கோ சிலை. நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் எழுந்த புது மைதானத்தின் வெளியே 2006இல் ஸ்டோக்கோவுக்குச் சிலை வைத்தார்கள்: அதே தொப்பி, அதே மழைக்கோட்டு, அதே விரித்த கைகள்.

10. முடிவுரை

கோப்பை முற்று, ஏற்றம் எச்சம் என்று தொடங்கிய ஆய்வு, கோப்பையும் எச்சமே என்ற முடிவுக்கு வந்து நிற்கிறது. எச்சம் என்றால் முடியாத வினை. எச்சம் என்றால் பிள்ளைகுட்டி. முதல் பொருள் ஏற்றத்துக்கு, இரண்டாம் பொருள் கோப்பைக்கு. தாத்தா சொல்லக் கேட்கும் பேரன் இருக்கும்வரை 1973க்கு முற்றுப்புள்ளி இல்லை. அந்தப் பேரன் தாத்தாவானால் 2025க்கும் இல்லை. தீர்ப்பு வழக்கம்போல் ஒத்திவைக்கப்படுகிறது.

மேலாய்வுக்கான களம்: அகராதியில் எச்சத்துக்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. சண்டர்லாந்து கடற்கரை ஊர், கடற்காக்கைகளுக்குப் பஞ்சமில்லை, வந்து அமர்வதற்கு வாகாக ஸ்டோக்கோ இரு கைகளையும் விரித்தே வைத்திருக்கிறார்.