எங்கள் நிலத்துக்கு எந்த நிறம், ஐயா?

அனுப்புநர்: பட்டாதாரர்களில் ஒருவன், அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: நகர் ஊரமைப்பு இயக்கக உயர் அலுவலர்கள், சென்னை.

பொருள்: மண்டலத் திட்ட வரைபடத்தில் எங்கள் நிலத்தின் நிறம் அறிய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1885, 1956, 1962, 1997, 2023 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இயக்ககத்தை எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். சாலையோரத்தில் வண்ணம் பூசிய எல்லைக் கற்களுக்கும் படபடக்கும் கொடிகளுக்கும் மேலே ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்று தங்கள் பெயர்தான் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த எழுத்துக்கு மவுசு கூடிவிட்டது. கேழ்வரகு விளைந்த காலத்தில் எந்த அலுவலகமும் அந்த நிலத்துக்கு இவ்வளவு பெரிய நற்சான்று கொடுத்ததில்லை.

இப்போது தாங்கள் மனைப்பிரிவைத் தாண்டி மண்டலத்துக்கே திட்டம் போட வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். மகிழ்ச்சி. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. அரை நூற்றாண்டு யோசித்துச் செய்கிற காரியத்தில் பிசகு இருக்காது என்று நம்புகிறோம். பல துறைகள் கைகோத்து, ஊரையும் நகரத்தையும் சேர்த்துப் பார்த்து, நிலம் கெடாமல் பயன்படத் திட்டமிடுவது நோக்கமாம். ஐயா, அந்தக் கைகோப்புக்குத் தாங்கள் மெனக்கெடவே வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் அது எப்போதோ நடந்துவிட்டது. எல்லாத் துறைகளும் எங்கள் வயலில்தான் கூடுகின்றன.

தரைக்கு மேலே சாலை. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏற்கெனவே ஊர் வழியாகப் போகிறது. போதாதென்று 844ஆம் எண் சாலை எங்கள் ஊரிலேயே தொடங்கி, பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக் காடுகளைத் தாண்டி ஓசூர் வழியாகக் கர்நாடக எல்லைக்குப் போகிறது. இதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம். தரைக்குக் கீழே கெயில் எரிவாயுக் குழாய், கொச்சியிலிருந்து பெங்களூருக்கு. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி மாநில அரசே கேட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதற்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒரு பெருந்தன்மை உண்டு: நிலம் நம்முடையதாகவே இருக்கும். குழாய் போகிற பட்டையில் மரம் நடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, அவ்வளவுதான். தலைக்கு மேலே ராய்கர்–புகளூர் உயர் அழுத்த மின்பாதை. கோபுரம் நடுவதற்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம். நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. அதன் சட்டம் மட்டும் எங்கள் துவரங்காட்டில் கால் ஊன்றி நிற்கிறது.

பக்கவாட்டில் சிப்காட். அதியமான்கோட்டை, தடங்கம், அதகப்பாடி, பாலஜங்கமனஅள்ளி என்று 1,700 ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டை. அதற்கென 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருக்கிறது. வேலை வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை. எங்கள் பையன்கள் பாதிப்பேர் பெங்களூரில் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பேட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் மட்டும் அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் கூடிவிடுகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு என்று ஜப்பானில் கடன் வாங்கி, ஒகேனக்கலிலிருந்து குடிநீர் கொண்டுவந்த மாவட்டம் இது.

இத்தனைக்கும் நடுவே ஏதாவது ஏரி, ஓடை தப்பித்துக் கிடந்தால் அதற்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதமில்லாமல் நிறைவேறி, அடுத்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 எக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் நீர்நிலை அகப்பட்டால், அந்தத் திட்டத்தைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். தண்ணீர் சரிவு பார்த்து ஓடுமா, சட்டம் பார்த்து ஓடுமா என்பதை இனிமேல் பார்க்க வேண்டும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். தங்கள் வரைபடங்களில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வேளாண்மைக்குப் பச்சை. எங்கள் மானாவாரிக்கு எது? மழை பெய்தால் கேழ்வரகு, சாமை, ஊடே அவரை, துவரை, பின்மழைக்குக் கொள்ளு, அறுத்த பிறகு ஆட்டுக்கு மேய்ச்சல். அந்த ஆடு நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போய்ப் பள்ளிக் கட்டணமாகத் திரும்பும். இத்தனையும் செய்கிற நிலத்தை, மாசி பங்குனி வெயிலில் காரில் வந்து பார்க்கிற அதிகாரி ‘தரிசு’ என்று எழுதிக்கொண்டு போகிறார். ஆடி ஆவணியில் ஒருவரும் வருவதில்லை, சேறு. காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, நியாயமானதே. சோறு நெல்லில் மட்டும்தான் இருக்கிறது என்று அந்தச் சட்டம் எங்களுக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. அவர்கள் எந்த இயக்ககத்தில் அங்கீகாரம் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

அதே அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்து மனமாரப் புகழ்ந்தாராம். எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். தங்கள் திட்ட அறிக்கைகளையும் நாங்கள் அப்படியே புகழ்கிறோம். வழவழப்பான தாள், அழகான வண்ணம், மடிப்புக் கலையாத வரைபடங்கள். எங்கள் கையில் இருப்பவை கசங்கிய சிட்டாவும் அடங்கலும்தான்.

ஊரும் நகரமும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலத்தையும் தண்ணீரையும் பங்கிடுவது புதுச் சிந்தனையும் இல்லை. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஊராட்சி, நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 1993 முதல் அது நாட்டின் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘லீடர்’ திட்டத்தில் கிராமப்புறக் குழுக்களின் முடிவுகளை எந்த ஒரு தரப்பும் தனியாகக் கட்டுப்படுத்தக் கூடாது. இங்கே? எங்கள் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலருக்குப் போனது. அலுவலர் கேட்க அலுவலர் சொல்வது என்று ஆனதால் கருத்து வேற்றுமைக்கே இடமில்லை.

எங்கள் ஊர்க் காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றினால் தீராத வழக்கும் தீரும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். தங்கள் கோப்புக்காக நாங்கள் இன்னும் ஏற்றவில்லை. அதற்கு முன் தங்களிடம் நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று இந்தக் கடிதம்.

வரைபடத்துக்கு நிறம் தீட்டும் முன், தமிழில், புல எண்ணோடு அதைக் கிராம சபையில் விரித்துக் காட்டுங்கள். சாலைக்காரரையும் குழாய்க்காரரையும் கோபுரக்காரரையும் சிப்காட்டாரையும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாக நினைவில்லை. உள்ளாட்சித் தேர்தல் நடத்தி மாவட்டத் திட்டக் குழுவை உண்மையாகவே கூட்டும்வரை எங்கள் மானாவாரியில் ஊதாவைத் தொடாதீர்கள். அக்டோபர் 2 கிராம சபை நாள். 1965இல் எங்கள் மாவட்டம் பிறந்த நாளும் அதுவே. அன்றைக்கு வாருங்கள், காடு பச்சையாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் நிறம் தீட்டப்படாத ஒரு புல எண்ணின் பட்டாதாரர்.